மொட்டைத் தலையில் ஒரு வரைபடம்

திருவண்ணாமலையில் மொட்டைத் தலைகளுக்குக் குறைவே இல்லை. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் போய் நின்று பாருங்கள். சந்தனம் பூசிய தலைகள் நிலா வெளிச்சத்தில் வரிசை வரிசையாக நகரும். இடுப்புக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லா வயதிலும் மொட்டைகள் உண்டு. அவர்களில் ஒருவரும் தலையைத் தடவிப் பார்த்துக் கவலைப்படுவதில்லை. போன முடி வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் மதுரையிலிருந்து இவ்வூருக்கு வந்து சேர்ந்த 16 வயதுப் பையன் ஒருவன், அய்யங்குளக் கரையில் நாவிதர் ஒருவரிடம் தலையைக் கொடுத்து முழுக்க மழித்துக்கொண்டான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அழைத்தது அவனைத்தான். அதன்பின் நீண்ட நாள் கத்தியே படாமல் விட்டதில் அந்தத் தலையிலும் முடி வளர்ந்து சடையாகிப் போனதாக வரலாறு சொல்கிறது. மழித்த முடி வளரத்தான் செய்யும்.

அப்படியென்றால் வழுக்கை விழுந்த இடத்தில் மட்டும் ஏன் வளர்வதில்லை? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவன் என் அக்காள் மகன். வயது 21. ஊரை ஒட்டியுள்ள வேங்கிக்காலில் குடியிருக்கிறான். கல்லூரியில் கடைசி ஆண்டு. நண்பர்கள் ‘சொட்டை’ என்று கூப்பிடத் தொடங்கி ஓராண்டாகிறது. ‘மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்’ என்று யாரோ சொன்னதை நம்பி மாசி மாதத்தில் மொட்டை போட்டுக்கொண்டான். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் வந்து, மாடி வெயிலில் என் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

“பாருங்க மாமா. அடர்த்தியா வந்திருக்கா?”

பார்த்தேன். முடி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. பின்புறமும் காதோரங்களும் நாற்றங்கால் போலக் கறுத்து நெருக்கமாக இருந்தன. நெற்றியின் இரு மூலைகளும் உச்சியில் ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவு இடமும் மழை தவறிய மானாவாரிக் கொல்லைபோல் இருந்தன. நீளமான முடி இருந்தபோது சீவி மறைத்துவைத்திருந்த எல்லைக்கோடுகளை மொட்டை அப்படியே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய பழைய உருப்பெருக்கியை எடுத்து உச்சியைப் பார்த்தேன். அந்த இடம் காலியாக இல்லை. பருத்த கறுப்பு முடிகளுக்கு இடையே மெலிந்த, வெளுத்த, பூனைமயிர் போன்ற குட்டி முடிகள் இருந்தன.

இந்தக் குட்டி முடிகளில்தான் கதையே இருக்கிறது. அதற்கு முன் மொட்டை நம்பிக்கையை முடித்துவிடுவோம். தோலுக்கு மேலே நாம் பார்க்கும் முடி உயிரற்ற பொருள். அதை வெட்டினால் உள்ளே இருக்கும் வேருக்குச் செய்தி போகாது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே சில ஆண்களின் முகச்சவர முடியை அளந்து பார்த்து, சவரம் செய்வதால் முடி வேகமாகவோ பருமனாகவோ வளர்வதில்லை என்று எழுதிவிட்டார். மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது சொரசொரவென்று பருமனாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

முடியின் உயிர் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் இருக்கிறது. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே உழைத்து ஓய்வெடுக்கும். 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ச்சி. பிறகு இரண்டு மூன்று வாரம் ஒடுங்குதல். அதன்பின் சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அதே காலிலிருந்து புது முடி கிளம்பும். எந்த நேரத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மயிர்க்கால்கள் ஓய்வில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 10,000. இவை 100 நாளில் உதிர்ந்தால் நாளொன்றுக்கு எத்தனை? 100. ஆகவே சீப்பில் 50, 60 முடிகளைக் கண்டவுடன் அலற வேண்டியதில்லை. அது கணக்குப்படி போக வேண்டிய முடி.

டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்தால் பல மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பயமுறுத்தினாலும் இது பெரும்பாலும் தானே திரும்பி வந்துவிடுகிறது. வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது அது. இரண்டுமே நம் பையனின் கதையில்லை.

“புது வீட்டு போர் தண்ணிதான் மாமா காரணம். ஒரே உப்பு” என்றான் அவன்.

தமிழ்நாட்டில் வழுக்கை விழுந்த எவரைக் கேட்டாலும் ஒரு தண்ணீரைக் கை காட்டுவார். விடுதித் தண்ணீர், சென்னைத் தண்ணீர், வளைகுடா நாட்டுத் தண்ணீர். அடுத்த குற்றவாளி ஹெல்மெட். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அந்தத் தண்ணியை உச்சியில மட்டுமா ஊத்திக்கிற? பின்னந்தலையில ஊத்தறதில்லையா?” உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம். ஆனால் நெற்றி மூலையையும் உச்சியையும் தேடிப் பிடித்துத் தாக்கிவிட்டு, காதோரத்தை விட்டுவைக்க அதற்குத் தெரியாது. இப்படி இடம் பார்த்துத் தாக்கும் ஒன்று வெளியிலிருந்து வர முடியாது.

அது உள்ளிருந்து வருகிறது என்பதற்கான துப்பு மிகப் பழையது. பருவம் அடையுமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அரிஸ்டாட்டில் கவனித்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1942இல், ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர் இதைச் சோதனைமுறையில் உறுதிசெய்தார். அத்தகையோருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் வழுக்கை விழத் தொடங்கியது. ஹார்மோனை நிறுத்தியதும் வழுக்கை மேலும் பரவாமல் நின்றது. ஆனால் போன முடி திரும்பவில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். பையன் முடிவெடுக்கும்போது இது தேவைப்படும்.

ஆக, இரண்டு பேர் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கிறது: ஒருவர் ஹார்மோன், மற்றவர் பரம்பரை. பரம்பரை என்றதும் ‘தாய்மாமன் தலையைப் பார்’ என்பார்கள். என் தலை முழு வழுக்கை என்பதால், அக்காள் வீட்டில் நான் ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் ஏற்பியை உண்டாக்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்பிள்ளைக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் 2017இல் பிரிட்டனில் 52,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 280க்கு மேற்பட்ட இடங்களை மரபுப் பொருளில் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸில் இல்லை. மாமனுக்கு முழுத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை.

ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான அடுத்த துப்பு ஒரு மூலைக் கிராமத்திலிருந்து வந்தது. கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் என்று கருதப்பட்டு, பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் அவர்களை ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாக இருந்தது. தாடி மெல்லியதாக இருந்தது. முன்தலை வழுக்கை இல்லை.

திரை விலகிவிட்டது. உச்சியிலும் நெற்றி மூலைகளிலும் உள்ள மயிர்க்கால்கள் இந்த வீரிய ஹார்மோனுக்கு அஞ்சிச் சுருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறுகுகிறது, முடி மெலிகிறது, கடைசியில் உருப்பெருக்கியில் நான் பார்த்த பூனைமயிர்தான் மிஞ்சுகிறது. பின்னந்தலை மயிர்க்கால்கள் அதே இரத்தத்தில் குளித்தும் அசைவதில்லை. விந்தை என்னவென்றால், இதே ஹார்மோன்தான் முகத்தில் தாடியைப் பருக்கவைக்கிறது. ஒரே வெயில் நெல்லைக் காயவைக்கிறது, மெழுகை உருக வைக்கிறது.

காரணத்தை எல்லாம் சொல்லி முடித்ததும், “சரி, இப்ப நான் என்ன செய்யறது?” என்று கேட்டான் பையன். கேள்வி நியாயமானதுதான். அவனைத் தோல் நோய் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஒரு பெண் மருத்துவர், பொறுமைசாலி. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா, எடை குறைக்கப் பட்டினி கிடந்தானா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறானா என்று கேட்டார். தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கு இரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு, “இது நோய் இல்லை. வைத்தியம் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். முடிவு உன்னுடையது” என்றார். பையனுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. மருத்துவர் என்றால் சீட்டு எழுதித் தரவேண்டும், நாம் சாப்பிட வேண்டும் என்று பழகிவிட்டோம் அல்லவா?

அவர் சொன்ன வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது ஃபினாஸ்டிரைடு மாத்திரை. மேலே சொன்ன நொதியைத் தடுப்பது இது. 1992இல் முதியோரின் புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் அளவில் வந்தது. 1997இல் வழுக்கைக்காக 1 மில்லிகிராம் அளவில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1998இல் வெளியான ஆய்வில் 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்கள் பங்கேற்றார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 83 பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 பேருக்குத்தான் அப்படி நின்றது. நல்ல வித்தியாசம்தான். மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பாலுறவு நாட்டம் குறைதல் போன்ற தொல்லைகள் முதல் ஆண்டில் மாத்திரைக்காரர்களில் 100க்கு 3.8 பேருக்கும், வெற்று மாத்திரைக்காரர்களில் 2.1 பேருக்கும் வந்தன. பெரும்பாலோருக்கு இவை நீங்கிவிடுகின்றன. ஆயினும் நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்ந்ததாகப் புகார்கள் வந்ததால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் மருந்துச் சீட்டில் அந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் தோன்றுவதையும் இதன் பக்கவிளைவுகளில் ஒன்றாக உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. மாத்திரை சாப்பிடும்போது மனம் மாறினால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு இது உரியதன்று. இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அந்த வயதினர்தாம். ஆகவே நண்பன் சொன்னான், அண்ணன் வைத்திருந்தான் என்று தொடவேண்டாம்.

இரண்டாவது மினாக்ஸிடில் திரவம். இதன் பிறப்பு வேடிக்கையானது. 1979இல் கடுமையான இரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்தது. பக்கவிளைவையே மருந்தாக்கி, தலையில் தடவும் திரவமாக 1988இல் ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த மயிர்க்கால்கள் புதுச் சுற்றைத் தொடங்குவதால் வருவது இது. விவரம் தெரியாமல் பலர் அப்போதே சீசாவைத் தூக்கி எறிகிறார்கள். நிறுத்தினால் சில மாதங்களில், அது காத்துக்கொடுத்த முடியும் போய்விடும்.

இந்தத் திரவத்துக்கு ஒரு விசித்திரமான எதிரி உண்டு, பூனை. பூனையின் உடலால் இந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. மிகச் சிறிய அளவை நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் இதைச் சொன்னதும் பையன் முகம் மாறிவிட்டதாம். அவன் பாட்டி வளர்க்கும் பூனை தினமும் அவன் தலையணையில்தான் தூங்கும்.

மூன்றாவது அறுவை. பின்னந்தலையின் அஞ்சாத மயிர்க்கால்களை எடுத்து உச்சியில் நடுவது. ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939இல் இத்தகைய நடவு பற்றி எழுதினார்; போர்க் காலமாகையால் வெளியுலகம் கவனிக்கவில்லை. 1950களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் தனியாகவே இதைக் கண்டறிந்தார். நடப்பட்ட முடி புது இடத்தின் குணத்தைப் பெறாமல், பிறந்த இடத்தின் குணத்தையே வைத்துக்கொள்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. ஆனால் 21 வயதில் நட்டுவிட்டால், சுற்றியுள்ள சொந்த முடி பின்வாங்கிக்கொண்டே போக, நட்டது மட்டும் தீவுபோல் நிற்கும். நாற்றங்காலும் அளவுள்ளது, ஒருமுறை பிடுங்கிய நாற்று அங்கே மறுபடி முளைக்காது. 2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் போய், உடல்நிலை கெட்டு, சில நாளில் இறந்தே போனார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது இதற்குப் பயிற்சியாகாது என்று சொல்லுகின்றன. அப்படிச் சொல்லவேண்டிய நிலை வந்ததே என்பதுதான் என் வருத்தம்.

எண்ணெய்களைப் பற்றிக் கேட்பீர்கள். வழுக்கையைத் தீர்ப்பதாகவோ புது முடி முளைக்கவைப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக்கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது. விளம்பரங்களைப் பார்த்தால் அந்த அட்டவணையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகம்; முடி பளபளக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி முடிவு. அன்று இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து இருவரும் பேசினோம். நான் அவனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். இன்று தொடங்கி 51 வயது வரை நாளைக்கு ஒரு மாத்திரை என்றால் எத்தனை? ஏறத்தாழ 11,000. இடையில் நிறுத்தினால், தள்ளிப்போட்டதெல்லாம் ஓராண்டுக்குள் வந்து சேரும். “அப்ப வேண்டாம்னு சொல்றீங்களா?” என்றான். இல்லை. ஹாமில்டன் சோதனையை நினைவூட்டினேன். நிறுத்தலாம், திருப்ப முடியாது. சுருங்கிய மயிர்க்கால் ஓரளவு வரை மீளும். முற்றிலும் சுருங்கிவிட்டால் எந்த மருந்துக்கும் எழாது. தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு, தொடங்குவதற்கும் விலை உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும்.

“நீங்க ஏன் மாமா ஒண்ணும் செய்யலே?”

என் 25ஆம் வயதில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று யோசித்தேன். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் என் தலையைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அந்த இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மாத்திரை கையில் கிடைத்திருந்தால் நிச்சயம் விழுங்கியிருப்பேன். இதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். வழுக்கை உடம்பை ஒன்றும் செய்யாது என்பது சரி. ஆனால் 21 வயதில் கண்ணாடி முன் நிற்பவனிடம் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று சொல்வது சரியில்லை.

அவனுக்கு உண்மையில் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: முடி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது. சிலருக்கு 20 வயதில் நெற்றி மூலை ஏறி, அங்கேயே பல ஆண்டு நின்றுவிடும். சிலருக்கு 30க்குள் உச்சி வரை ஓடிவிடும். ஒரே ஒரு நாள் தலையைப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. அளந்து பார்த்தால் தெரியும். ஆறு மாதம் பொறுத்தால் பெரிய நஷ்டமில்லை என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆகவே அவனே ஒரு திட்டம் போட்டான். பூனை இருப்பதால் திரவம் வேண்டாம். மாத்திரையை இப்போது தொடவில்லை. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் காலை 7 மணிக்கு, எங்கள் மாடியில் ஒரே இடத்தில், மலைக்கு எதிரே நின்று நெற்றியையும் உச்சியையும் படம் எடுப்பது. முடியை எப்போதும் ஒரே நீளத்தில் வெட்டிவைப்பது. புருவ மத்தியிலிருந்து நெற்றி மூலை வரை நூல் பிடித்து அளந்து நோட்டில் எழுதுவது. ஆறாவது படத்துக்குள் எல்லை அரை விரல்கடை பின்வாங்கியிருந்தாலோ, உச்சி வட்டம் பெரிதாகியிருந்தாலோ, மறுபடி மருத்துவரிடம் போய் மாத்திரை பற்றிப் பேசுவது. வீட்டில் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தே செய்வது.

நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் இவ்வளவு பொறுத்திருக்க மாட்டேன்.

மாடியில் சுண்ணாம்பால் இரண்டு கால்தடம் வரைந்திருக்கிறான், நிற்கும் இடம் மாறக்கூடாதென்று. இதுவரை நான்கு படங்கள் ஆகிவிட்டன. நெற்றியின் இடது மூலை அப்படியே இருக்கிறது. வலது மூலையை நூல் பிடித்து அளந்ததில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. நூல் இழுபட்டதாலா, முடி போனதாலா என்று எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். அடுத்த பௌர்ணமிக்கு நூலுக்குப் பதில் தையற்காரர் நாடா வாங்கி வைத்திருக்கிறான்.